முதல் மேற்கத்திய சீரிஸ்: எதில் தொடங்குவது, எப்படிப் பார்ப்பது

"எல்லாரும் பிரேக்கிங் பேட், பிரேக்கிங் பேட்னு சொல்றாங்களேன்னு ரெண்டு எபிசோட் பார்த்தேன். ஒரு வாத்தியார் இருமிக்கிட்டே இருக்கார். பாலைவனத்துல பேன்ட் இல்லாம நிக்கிறார். இதுல அப்படி என்னய்யா இருக்கு?" என்று போன மாதம் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

நான் அவரைவிட மோசமாகத் தொடங்கியவன். எடுத்த எடுப்பில் தி வயர் என்ற போலீஸ் தொடரில் கை வைத்தேன். மூன்று எபிசோட் தாண்டவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி தொடங்கி மறுபடியும் விட்டேன். மூன்றாவது முயற்சியில்தான் பிடி கிடைத்தது. அதற்கப்புறம் ஐந்து சீசனையும் முடிக்கும்வரை வேறு எதிலும் மனம் போகவில்லை. அந்த முதல் இரண்டு தோல்விகளை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. இவற்றைச் சினிமாவாக நினைத்து உட்கார்ந்தால் இழுவையாகத் தெரியும். நம் ஊர் மெகா சீரியலாக நினைத்தால், ஒரு எபிசோடைத் தவறவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது என்று தோன்றும். இரண்டும் தப்பு. வார இதழில் தொடர்கதை படித்த தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஒரு அத்தியாயத்தில் வந்த சின்ன விஷயம் நாற்பது வாரம் கழித்துத் திரும்பி வந்து அடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கம்தான் இங்கே வேண்டும்.

முதலில் மணிக்கணக்கு

எது நல்ல சீரிஸ் என்று கேட்பதற்கு முன் எது எவ்வளவு நீளம், முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். செர்னோபில் வெறும் 5 எபிசோட், ஐந்தரை மணி நேரம். ஒரு சனி, ஞாயிறு போதும். இங்கிலாந்தின் ஹேப்பி வேலி மூன்று சீசனும் சேர்ந்து 18. தி வயர் 60, பிரேக்கிங் பேட் 62. தி சோப்ரானோஸ் 86, மேட் மென் 92. பிரேக்கிங் பேடைப் பார்த்து முடிக்க ஏறத்தாழ 50 மணி நேரம் ஆகும். வேலைக்குப் போய்வந்து ராத்திரி ஒரு எபிசோட் என்று வைத்தால் இரண்டு மாதக் கணக்கு.

முதல் முறை பார்ப்பவர்கள் முடிந்துபோன சீரிஸைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அமெரிக்க சேனல்கள் கதை பாதியில் நிற்கும்போதே கடையைச் சாத்திவிடும். டெட்வுட் என்ற அருமையான தொடர் 2006இல் மூன்று சீசனோடு நின்றுபோனது. அதற்கு ஒரு முடிவு கிடைக்க ரசிகர்கள் 2019வரை காத்திருந்தார்கள், அதுவும் ஒரே ஒரு படமாக.

செர்னோபிலில் தொடங்குங்கள்

2019இல் வந்தது. எழுதியவர் கிரெய்க் மேசின். 1986 ஏப்ரல் 26 அதிகாலை சோவியத் உக்ரைனின் அணு உலை வெடித்த கதை. முடிவு உலகத்துக்கே தெரிந்த கதையை எப்படி ஐந்து எபிசோட் இழுத்துப் பிடிக்கிறார்கள் என்பதைக் கவனித்தாலே இந்த வகைத் தொடர்களின் சூட்சுமம் பாதி பிடிபட்டுவிடும்.

முதல் பத்து நிமிடத்துக்குள் உலை வெடித்துவிடுகிறது. அதையும் அருகே போய்க் காட்டுவதில்லை. தொழிலாளர் குடியிருப்பில் ஒரு வீடு. ஒரு பெண் அறைக்குள் நடந்து போகிறாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் தூரத்தில் ஒரு வெளிச்சம். சத்தமே இல்லை. சில நொடி கழித்துத்தான் அதிர்வு வந்து வீட்டை உலுக்குகிறது. என்ன நடந்தது என்று உடனே சொல்லிவிட்டு, ஏன் நடந்தது என்பதைக் கடைசி எபிசோட்வரை கையில் வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கடைசி எபிசோடில், நீதிமன்றத்தில் விஞ்ஞானி லெகசோவ் சிவப்பு, நீல அட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டி உலை எப்படி வேலை செய்கிறது என்று விளக்குகிறார். பள்ளிக்கூடப் பாடம் மாதிரியான காட்சி. ஆனால் நான் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

இதை ஹெட்போன் போட்டுப் பாருங்கள். இசையமைத்த ஐஸ்லாந்துக்காரர் ஹில்டுர் குட்னடோட்டிர், லிதுவேனியாவில் மூடப்பட்ட ஒரு அணுமின் நிலையத்துக்குள் போய், அங்கே உள்ள ஓசைகளைப் பதிவுசெய்து வந்து, அதிலிருந்தே இசையை உருவாக்கினார். டிவி ஸ்பீக்கரில் அது வெறும் இரைச்சலாகப் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. உண்மைச் சம்பவம் என்பதால் எல்லாமே அப்படியே நடந்தது என்று நம்பிவிடாதீர்கள். உலானா கோம்யுக் என்ற பெண் விஞ்ஞானி கற்பனைப் பாத்திரம். லெகசோவோடு வேலை செய்த பல விஞ்ஞானிகளுக்குப் பதிலாக அவரை வைத்திருக்கிறார்கள். முடிவில் அவர்களே இதைச் சொல்லியும் விடுகிறார்கள்.

சப்டைட்டில், அப்புறம் வீட்டு ஹால்

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும் ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. தி வயரின் பால்டிமோர் தெருப் பையன்கள் பேசுவதும் ஹேப்பி வேலியின் யார்க்‌ஷயர் போலீஸ்காரர்கள் பேசுவதும் நாம் பள்ளியில் படித்த ஆங்கிலம் இல்லை. சில தொடர்களுக்குத் தமிழ் டப்பிங்கும் கிடைக்கிறது. சண்டை, மாயாஜாலக் கதைகளுக்கு அது பரவாயில்லை. ஆனால் பேச்சின் ஏற்ற இறக்கத்தில்தான் பாதிக் கதையே இருக்கும் தொடர்களில் டப்பிங் கேட்டால், சாம்பாரை வடிகட்டிக் குடித்த மாதிரி இருக்கும்.

அடுத்து, எங்கே உட்கார்ந்து பார்ப்பது. இந்தத் தொடர்களில் வன்முறை, கெட்ட வார்த்தை, படுக்கையறைக் காட்சி எல்லாம் வரும், அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல். எபிசோட் தொடங்கும்போது மூலையில் வரும் வயதுக் குறியைப் பாருங்கள். 2021 விதிகளின்படி இந்தியாவில் ஓடிடி தளங்கள் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று பிரித்துக் காட்ட வேண்டும். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதியும் தர வேண்டும். நான் இங்கே சொல்லும் எதுவும் குழந்தைகளோடு சேர்ந்து பார்ப்பதற்கானது அல்ல.

நான் ஒருமுறை தி சோப்ரானோஸ் என்ற மாஃபியாத் தொடரை ஹாலில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது அம்மா பூ கட்டிக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் ரிமோட்டும் கையுமாக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதுல யாருடா ஹீரோ?"

மூன்று எபிசோட் பொறுத்துக்கொள்ளுங்கள்

முதல் எபிசோடை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. அதற்குக் காரணம் அந்தத் தொழிலிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் முதல் எபிசோடை மட்டும் தனியாக எடுத்து, அதைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முழு சீசனுக்குப் பணம் போடலாமா என்று சேனல் முடிவு செய்வது நெடுநாள் வழக்கம். அதற்குப் பெயர் பைலட். பெண் பார்க்க வந்த வீட்டில் எல்லாரும் கொஞ்சம் அதிகப்படியாக நடந்துகொள்வது மாதிரி, பைலட்டிலும் எல்லாம் கொஞ்சம் அதிகமாக இருக்கும். சில நேரம் அதுவே தேறாது. கேம் ஆஃப் த்ரோன்ஸுக்கு முதலில் எடுத்த பைலட்டில் பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சில நடிகர்களையும் மாற்றி, மறுபடி எடுத்தார்கள்.

ஆகவே மூன்று எபிசோட். தி வயருக்கு மட்டும் ஐந்து கொடுங்கள். தலைப்பே போலீஸ் ஒட்டுக்கேட்பதைப் பற்றியது; அந்த ஒட்டுக்கேட்கும் வேலைக்கு வரவே அவர்களுக்குப் பல எபிசோட் ஆகிறது.

பிரேக்கிங் பேடை எப்படிப் பார்ப்பது

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். 2008 முதல் 2013வரை ஏ.எம்.சி. சேனலில் வந்தது. நியூ மெக்சிகோ மாநிலம் அல்புகர்க்கி நகரம். வால்டர் வைட் என்ற ஐம்பது வயது வேதியியல் ஆசிரியருக்கு நுரையீரல் புற்றுநோய். குடும்பத்துக்குப் பணம் சேர்க்கப் போதைப்பொருள் காய்ச்சத் தொடங்குகிறார். கதையை இப்படிச் சொன்னால் பரிதாபக் கதை. ஆனால் இதை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் செய்ய நினைத்தது வேறு: நல்ல மனிதனாக அறிமுகமாகும் கதாநாயகனைக் கொஞ்சம் கொஞ்சமாக வில்லனாக்குவது. வழக்கமான டிவி தொடரில் நாயகன் நூறாவது எபிசோடிலும் முதல் எபிசோடில் இருந்த அதே ஆள்தான். இங்கே ஆளே மாறிவிடுகிறார். எந்த எபிசோடில் மாறினார் என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது.

அதனால் சின்ன விஷயங்களைப் பாருங்கள். முதல் எபிசோடில் வகுப்பில் ஒரு மாணவன் அடங்காமல் நடந்துகொள்கிறான். பள்ளி முடிந்து வாத்தியார் இரண்டாவது வேலைக்குப் போகிறார், கார் கழுவும் இடம். அதே மாணவனின் கார் அங்கே வந்து நிற்கிறது. வாத்தியார் மண்டியிட்டு டயரைத் தேய்க்கிறார். கூட வந்த பெண் போட்டோ எடுக்கிறாள். ஒரு நிமிடக் காட்சிதான். என் நண்பர் அப்போது வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பணமும் நோயும் மேலே தெரிகிற காரணங்கள். அடியில் கொதித்துக்கொண்டிருப்பது அந்த டயரில் பட்ட அவமானம். அதைப் பிடித்துக்கொண்டால், ஐந்தாவது எபிசோடில் பழைய சகா ஒருவர் வைத்தியச் செலவு முழுவதையும் தருகிறேன் என்னும்போது இவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்பது தானாகப் புரியும். உண்மையில் கதை தொடங்குவதே அங்கேதான்.

முதல் சீசன் ஏன் 7 எபிசோடோடு நிற்கிறது என்று யோசிக்காதீர்கள். அப்போது ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், படப்பிடிப்பு பாதியில் நின்றது. அவ்வளவுதான்.

கெட்டவனோடு பழக வேண்டியிருக்கும்

அம்மா கேட்ட கேள்விதான் புதிதாகப் பார்க்கும் எல்லாருக்கும் வரும் முதல் சிக்கல். இவனை நான் ஏன் பார்க்க வேண்டும்?

இந்தப் பாதையைப் பெரிதாகத் திறந்துவிட்டது 1999 ஜனவரியில் ஹெச்பிஓ சேனலில் தொடங்கிய தி சோப்ரானோஸ். நியூ ஜெர்சியில் ஒரு மாஃபியா தலைவன் டோனி, மயக்கம் போட்டு விழுகிறான் என்பதற்காக மனநல மருத்துவரிடம் போகிறான். முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடில் மகளுக்குக் கல்லூரி பார்க்க அவளைக் காரில் கூட்டிப் போகிறான். நல்ல அப்பா, வாஞ்சையான பேச்சு. வழியில் தன் கும்பலைக் காட்டிக்கொடுத்துவிட்டு ஒளிந்து வாழும் ஒருவனைப் பார்த்துவிடுகிறான். மகளை ஒரு கல்லூரி நேர்முகத்துக்கு இறக்கிவிட்டுப் போய், அவனைத் தன் கையாலேயே கழுத்தை நெரித்துக் கொல்கிறான். பிறகு வந்து மகளைக் கூட்டிக்கொள்கிறான்.

இதைப் படமாக்கினால் ஜனங்கள் டோனியை வெறுத்துவிடுவார்கள் என்று சேனல் நிர்வாகம் பயந்தது. தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவன் அந்த ஆளைப் பார்த்தும் கொல்லாமல் விட்டால்தான் ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்றார். அவர் கணக்குத்தான் சரியாக இருந்தது. மகள் காரில் ஏறி அப்பாவைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, கொலையைவிட அதுதான் எனக்கு நடுக்கம் தந்தது.

அவனைப் பிடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்து என்ன செய்வான் என்று தெரிந்துகொள்ளத் தோன்றினால் போதும். அதுவும் தோன்றவில்லை என்றால் விட்டுவிடுங்கள், கீழே ஹேப்பி வேலி இருக்கிறது.

இப்படி எழுத எங்கிருந்து தைரியம் வந்தது

சுருக்கமாக: காசு வரும் வழி மாறியது. பெரிய அமெரிக்க நெட்வொர்க்குகள் விளம்பரத்தில் வாழ்பவை. அப்போது வருடத்துக்கு 22 எபிசோட் அளவுக்கு எடுக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கு முன்னாலும் ஒரு திடுக்கிடல் வைக்க வேண்டியிருந்தது. நம் சீரியலில் முகத்தை மூன்று தடவை ஜூம் செய்து இடி இடிக்க வைப்பார்களே, அதே நெருக்கடி, கொஞ்சம் நாசூக்காக. ஹெச்பிஓ சந்தாப் பணத்தில் ஓடியது, நடுவில் விளம்பரம் இல்லை, 13 எபிசோட் போதும். சோப்பு விற்பவரைச் சங்கடப்படுத்துவோமோ என்ற பயம் இல்லாததால் கதையை மெல்ல ஊறவிட முடிந்தது. அப்புறம் விளம்பரம் போடும் ஏ.எம்.சி.யே 2007இல் மேட் மென்னோடு அதே வழிக்கு வந்தது. 2013 பிப்ரவரி 1 அன்று நெட்ஃப்ளிக்ஸ் ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸின் 13 எபிசோடையும் ஒரே நாளில் கொட்டியது. விடிய விடியப் பார்க்கும் பழக்கம் அதிலிருந்து ஊரெல்லாம் பரவியது.

இயக்குநரைத் தேடாதீர்கள், எழுதியவரைத் தேடுங்கள்

நமக்குச் சினிமா என்றால் இயக்குநர் படம். இங்கே பெரும்பாலும் எபிசோடுக்கு எபிசோட் இயக்குநர் மாறுவார். தொடரின் சொந்தக்காரர் எழுத்தாளர்தான். ஷோரன்னர் என்பார்கள். அவருக்குக் கீழே ஒரு அறையில் ஐந்தாறு எழுத்தாளர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து கதையைப் பின்னுவார்கள். ஒரு தொடர் பிடித்துவிட்டால் அதன் ஷோரன்னர் வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். அடுத்த தேர்வுக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

தி வயரை எழுதியவர்களைப் பாருங்கள், இந்த முறையின் பலன் தெரியும். டேவிட் சைமன் பால்டிமோர் சன் நாளிதழில் குற்றச் செய்தி எழுதியவர். கூட இருந்த எட் பர்ன்ஸ் அதே ஊரில் துப்பறியும் போலீஸ்காரராக இருந்து, பிறகு பள்ளி ஆசிரியரானவர். அதனால்தான் முதல் சீசன் போதைத் தெரு, இரண்டாவது துறைமுகம், மூன்றாவது நகர அரசியல், நான்காவது பள்ளிக்கூடம், ஐந்தாவது பத்திரிகை அலுவலகம் என்று ஒரே நகரத்தை ஐந்து வாசல் வழியாகக் காட்ட முடிந்தது. நான்காவது சீசனை நம் ஊர் அரசுப் பள்ளி ஆசிரியர் யாராவது பார்த்தால் பெருமூச்சு விடுவார்.

நான் இரண்டு தடவை கவனிக்காமல் தாண்டிப்போன ஒரு காட்சி உண்டு. மூன்றாவது எபிசோட். தெருவில் சரக்கு விற்கும் இரண்டு பையன்கள் சதுரங்கக் காய்களை வைத்து வேறு ஏதோ எளிய ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கும்பலில் கொஞ்சம் மேலே இருக்கும் டி ஆஞ்சலோ வந்து சதுரங்கம் கற்றுத் தருகிறான். ராஜா நம் தலைவர், சிப்பாய்கள் நீங்கள் என்கிறான். அப்படியானால் ராஜா ஆவது எப்படி என்று பையன் கேட்கிறான். ராஜா ராஜாதான், அவனவன் இருக்கிற இடத்திலேயே இருப்பான் என்று பதில் வருகிறது. அறுபது எபிசோடின் கதையையும் அந்த மூன்று நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கு உறைக்க மூன்று முயற்சி தேவைப்பட்டது.

அமெரிக்காவோடு நிற்க வேண்டாம்

டென்மார்க்கின் தி கில்லிங், 2007இல் வந்தது. முதல் சீசனில் ஒரே ஒரு கொலை, 20 எபிசோட், எபிசோடுக்கு ஒரு நாள். வழக்கமான துப்பறியும் தொடரில் பிணம் கிடைத்ததும் குடும்பத்தை மறந்துவிடுவார்கள். இங்கே போலீஸுக்குக் கொடுக்கும் இடத்தையே செத்துப்போன பெண்ணின் அப்பா அம்மாவுக்கும் கொடுக்கிறார்கள். கனமான தொடர், மழைக்காலத்தில் பார்க்க வேண்டாம். அரசியல் பிடித்தவர்கள் அதே நாட்டின் போர்கனைப் பார்க்கலாம். ஒரு பெண் பிரதமராகும் கதை அது. டென்மார்க்குக்கு நிஜத்தில் முதல் பெண் பிரதமர் வந்தது அதற்கு அடுத்த வருடம், 2011இல்.

பிரிட்டிஷ் தொடர்கள் சிறியவை, சிக்கனமானவை. சாலி வெயின்ரைட் எழுதிய ஹேப்பி வேலி 2014இல் தொடங்கியது. நாயகி கேத்தரின், யார்க்‌ஷயரில் ஒரு போலீஸ் சார்ஜென்ட். நாற்பத்தேழு வயது, பாட்டி. முதல் காட்சியில் ஒருவன் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு கொளுத்திக்கொள்ளப் போகிறேன் என்று நிற்கிறான். கேத்தரின் கையில் தீயணைப்பானோடு வந்து, அவனைப் பேச்சில் பிடித்து வைப்பதற்காகத் தன் கதையைச் சொல்கிறாள்: விவாகரத்தானவள், போதையிலிருந்து மீண்ட தங்கையோடு இருக்கிறேன், இரண்டு பிள்ளைகள், ஒன்று செத்துப்போனது, இன்னொன்று பேசுவதில்லை, ஒரு பேரன். ஒரு நிமிடத்துக்குள் முழு முன்கதையும் வந்துவிடுகிறது, பாடமாக ஒப்பித்த மாதிரியும் இல்லை.

சில நடைமுறை விஷயங்கள்

ஒரு நாளைக்கு ஒன்று, லீவு நாளில் இரண்டு. அதற்கு மேல் போனால் மறுநாள் எது எந்த எபிசோடில் நடந்தது என்று குழம்பும். வேகத்தைக் கூட்டி ஓடவிடாதீர்கள். மௌனமும் அவர்கள் எழுதியதுதான்.

பார்த்து முடிக்கும்வரை பாத்திரத்தின் பெயரை இணையத்தில் தேடாதீர்கள். ஒரு நடிகரை வேறு எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று பாத்திரத்தின் பெயரைத் தட்டினேன். நான் முடிக்கும் முன்பே "மரணம்" என்று தேடுபொறி எடுத்துக் கொடுத்தது. இரண்டு சீசன் பாக்கி இருந்தது.

பாதியில் விட்டுப் பல மாதம் ஆகிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். கடைசியாகப் பார்த்த சீசனின் இறுதி எபிசோடை மட்டும் மறுபடி பாருங்கள், போதும். எந்தத் தொடர் எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது உரிமத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். சந்தா கட்டும் முன் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் வீட்டில் கூட ஒரு ஆளைப் பிடியுங்கள். ஹேப்பி வேலியை நான் ஹாலில்தான் பார்த்தேன், அதுவும் முகம் சுளிக்க வைக்கும் காட்சிகளில் ஓட்டிவிட்டுக்கொண்டு. அந்த ஊர் ஆங்கிலம் அம்மாவுக்குச் சுத்தமாகப் புரியாது, எனக்கே அரைகுறை. நான் பாதி சொல்ல, மீதியை அவரே ஊகித்துக்கொள்வார். இந்தத் தடவை யார் ஹீரோ என்று கேட்கவில்லை. ஏழாவது எபிசோட் முடிந்ததும் பூக்கூடையை ஓரமாக வைத்துவிட்டு, "அந்தப் போலீஸ்காரம்மா கதை இன்னும் எத்தனைடா இருக்கு?" என்றார்.

"பதினொண்ணும்மா."

"சரி, அடுத்ததைப் போடு."